தூர மடிப்பு முதலில்

போத்தோசியில் தண்ணீர் அவசரக்காரி.
எண்பத்தாறு டிகிரியிலேயே கொதித்துவிட்டேன் என்பாள்.
உருளைக்கிழங்கு அவளை நம்புவதில்லை.
நானும்தான்.
எங்கள் ஆட்டோகிளேவின் முள்
சமவெளி ஆஸ்பத்திரிகளில் நிற்கும் கோட்டைத் தாண்டி
இன்னும் கொஞ்சம் ஏறி நிற்பது அதனால்தான்.

இரவு இரண்டே கால்.
சுரங்கத்திலிருந்து ஒரு கை வந்திருக்கிறது,
கையோடு எலியோடோரோ என்ற ஆளும்.
கன்னத்தில் கொக்கா இலை உருண்டை.
அதைத் துப்பச் சொல்லிச் சம்மதிக்க வைக்கவே
ஐந்து நிமிடம் போயிற்று.

வெட்டுவது டாக்டர் அரான்சிபியா.
எடுத்து நீட்டுவது நிக்கோலாசா.
இருவரும் கழுவி, உடுத்து,
கைகளை நெஞ்சுக்கு நேரே ஏந்தி
கனவில் எதையோ சுமப்பவர்கள் போல நிற்கிறார்கள்.
நான் பொட்டலம் பிரிப்பவள்.
கதவைத் தொடலாம், விளக்கைத் தொடலாம்,
மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம்.
எதையும் தொடலாம் என்பதால்
எதைத் தொடக்கூடாது என்ற கணக்கு
முழுக்க என் தலையில்.

உறையின் இரண்டு உதடுகளையும் பிடித்து
கட்டைவிரல் முட்டிகளை வெளிப்பக்கம் உருட்டுகிறேன்.
வெடுக்கென்று கிழித்தால் காகிதம் தூசு கக்கும்.
மெல்ல விரிந்த வாய்க்குள்
நிக்கோலாசாவின் இடுக்கி வருகிறது, கொத்துகிறது,
போகிறது.
விளிம்பில் படவில்லை.
இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுகிறோம்.

உள்ளே நூல் இருக்கும் தகடு உறை மட்டும்
இந்த உயரத்தில் உப்பிக்கொள்ளும், சிப்ஸ் பாக்கெட் மாதிரி.
சாந்தா குரூசிலிருந்து வந்த புதிதில் ஒருத்தி
ஒரு பெட்டி நிறைய உப்பல்களை
கெட்டுப்போனதென்று குப்பையில் கொட்டினாள்.
ஒரு மாத இருப்பு.
திட்ட வாயெடுத்த எல்லோரும்
எப்படித் திட்டுவதென்று தெரியாமல் மூடிக்கொண்டோம்.
இதே நிக்கோலாசாதான் அவள்.

அடுத்து, தட்டு. பச்சைத் துணி இரண்டு சுற்று.
தேதி சரி.
பட்டையில் கோடுகள் கறுத்திருந்தன. சரி.
தூர மடிப்பு முதலில், பிறகு வலம், இடம்,
என் வயிற்றுக்குப் பக்கத்து மடிப்பு கடைசியில்.
கை அதன்மேல் பறக்கக்கூடாது.
வீட்டில் ரொட்டிப் பொட்டலத்தையும் இப்படித்தான் பிரிக்கிறேன்,
பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

உள்துணியின் மூலையில்
ஒரு காசளவு கருமை.
விரல் வைத்துப் பார்க்க முடியாது.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
ஈரம்.

டாக்டரின் முதுகு என் பக்கம்.
நிக்கோலாசா ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
அந்தக் காசை அந்த அறையில்
நான் ஒருத்திதான் பார்த்தேன்.
பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் அளவு.
காய்ந்தபின் நானே சத்தியம் செய்யலாம்.

"நனைந்திருக்கிறது" என்றேன்.

டாக்டர் கன்னிமரியாளை மூன்று தடவை அழைத்தார்,
பக்தியால் அல்ல.
"எவ்வளவு ஈரம்?"
"ஈரத்துக்கு அளவு இல்லை, டாக்டர்."

பிரசவ வார்டில் இன்னொரு தட்டு உண்டு.
திபுர்சியோ ஓடினான்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
இரண்டு மாடி இறங்கி, இரண்டு மாடி ஏறி,
நெஞ்சோடு அணைக்காமல், உடம்பு படாமல்
கைநீட்டிப் பிடித்தபடி ஒரு தட்டோடு வந்தான்.
உதடு நீலம்.
தூர மடிப்பு. வலம். இடம். பக்கத்து மடிப்பு.
எலும்பைப் போலக் காய்ந்திருந்தது துணி.

விடியும்போது எலியோடோரோவுக்கு நான்கு விரல்கள்.
சுண்டுவிரல் மலையிலேயே தங்கிவிட்டது.
ஒன்பதாம் நாள் தையல் பிரிக்கையில்
சீழ் இல்லை.
முதல் தட்டிலும் ஒருவேளை இருந்திருக்காது.
அதைத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது,
இந்த வேலையின் கசப்பு அதுதான்.

அன்று காலை படிக்கட்டில் உட்கார்ந்து
இன்னும் இளைத்துக்கொண்டிருந்தான் திபுர்சியோ.
"அந்த ஈரத்தை வேறு யாராவது பார்த்தார்களா?"
"இல்லை."
"அப்படியென்றால் நான் ஓடியது..."
"ஆமாம்."
கொஞ்ச நேரம் யோசித்தான்.
சட்டைப்பையிலிருந்து கொக்கா இலை எடுத்து,
என் கையைப் பார்த்தான்.
"கழுவிவிட்டாயா?" என்று கேட்டுவிட்டுத்தான்
கொடுத்தான்.